பாலக்கோட்டு ரோட்டில் நீந்திய அம்புக்குறி

பாலக்கோடு மார்க்கெட்டில் இரண்டு கூடை தக்காளி வாங்கிக்கொண்டு தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓசூர் பக்கமிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டைக்கு வரும் புது நாலுவழிச் சாலை அது. ரோடு வழவழவென்று இருக்கிறது, வண்டி எண்பதில் ஓடுகிறது. டேஷ்போர்டில் இருக்கும் ஸ்கிரீனில் மட்டும் நாங்கள் யாரோ ஒருவருடைய கொல்லைக்குள் போய்க்கொண்டிருக்கிறோம். அம்புக்குறி சிறிது நேரம் பக்கத்திலிருக்கும் பழைய ரோட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த ரோடு வளைந்து விலகியதும் விட்டுவிட்டு மறுபடி வெற்று நிலத்தில் நீந்துகிறது. நடுநடுவே "யு-டர்ன் எடுக்கவும்" என்று ஒரு பெண்குரல்.

பின்சீட்டிலிருந்து மாமனார் கேட்டார்: "என்ன மாப்ளே, சேட்டிலைட்டு கெட்டுப்போச்சா?"

சேட்டிலைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால், அந்த நேரத்தில் சரியாக வேலை செய்துகொண்டிருந்தது அது மட்டும்தான்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களுக்குப் பாலக்கோடும் தெரியாது, பெங்களூரும் தெரியாது. நம் வண்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. ரேடியோ நிலையம் மாதிரி ஒருவழியாக ஒலிபரப்பிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. ஒலிபரப்புவதும் இரண்டே செய்திதான்: இப்போது மணி இவ்வளவு, நான் இருப்பது இந்த இடத்தில். அந்தச் சிக்னல் நம்மை வந்து சேர ஒரு வினாடியில் நூற்றில் ஏழு பங்கு நேரம் ஆகிறது. எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்து, செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வண்டியிலுள்ள ரிசீவர் கணக்கிடுகிறது. இந்தக் கணக்கில் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் இடம் 300 மீட்டர் தள்ளிப்போகும். வண்டியில் அணுக்கடிகாரம் இல்லை. அதனால் நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு 'என் கடிகாரம் எவ்வளவு பிசகு' என்பதையும் நாலாவது விடையாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுவது அதனால்தான்.

இத்தனை பாடுபட்டு கடைசியில் கிடைப்பது மூன்றே மூன்று எண்கள். அந்த எண்கள் இருக்கும் இடத்தில் ரோடு ஓடுகிறதா, ஏரி இருக்கிறதா, ரோட்டுக்கு என்ன பெயர், வலதுபக்கம் திரும்பலாமா என்பதெல்லாம் வண்டிக்குள் இருக்கும் மேப் சொல்ல வேண்டிய சங்கதி. என் வண்டியின் மேப் 2016-இல் எழுதப்பட்டது. அந்த மேப்பைப் பொறுத்தவரை இந்தச் சாலை இன்னும் போடப்படவில்லை.

இந்தச் சீமையில் பழைய வழிகாட்டி ஒன்று உண்டு. 'அதியமான் பெருவழி' என்று பொறித்த 13-ஆம் நூற்றாண்டு மைல்கற்கள் தருமபுரிப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று நாவல்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்கிறது. எழுத்து தெரியாதவனுக்காக அதே கல்லில் இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் வெட்டியிருக்கிறார்கள். பெரியது பத்து, சின்னது ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த கல் அது. அதிலுள்ள ஒரே சிக்கல், பாதை மாறினால் கல் மாறாது. 2016-இல் வாங்கிய வண்டியின் மேப்பும் அதே ஜாதிதான்.

அந்த மேப் படமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உள்ளே இருப்பது படமில்லை, முடிச்சுகளும் நூல்களும். ரோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு முடிச்சு. இரண்டு முடிச்சுக்கு நடுவில் இருக்கும் ரோடு ஒரு நூல். ஒவ்வொரு நூலோடும் ஒரு சீட்டு கட்டியிருக்கும்: எத்தனை மீட்டர், ஒருவழியா இருவழியா, எவ்வளவு வேகம், டோல் உண்டா, இந்த நூலிலிருந்து அந்த நூலுக்குத் திரும்ப அனுமதி உண்டா. ஸ்கிரீனில் நாம் பார்க்கும் படம் இந்தச் சீட்டுகளைப் படித்து அப்போதைக்கப்போது வரைவது.

ஓசூரிலிருந்து சேலம் போக வழி கேட்டால், நேவிகேஷன் பெட்டி இந்த நூல்களின் நேரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, மொத்தம் குறைவாக வரும் சங்கிலியைத் தேர்ந்தெடுக்கும். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட வழிமுறையும் அதிலிருந்து கிளைத்தவையும்தான் இதற்கு அடிப்படை. கணக்கில் தவறு வராது. ஆனால் பட்டியலில் இல்லாத நூலைக் கணக்கு எப்படி எடுக்கும்? ராயக்கோட்டை வழி எவ்வளவு சுருக்கமாக இருந்தாலும், பெட்டி கிருஷ்ணகிரியைச் சுற்றித்தான் அனுப்பும்.

அம்புக்குறி ஏன் பழைய ரோட்டில் போய் ஒட்டிக்கொண்டது என்பதற்கு வருகிறேன். திறந்த வெளியிலேயே ஜி.பி.எஸ். சொல்லும் இடம் நாலைந்து மீட்டர் முன்பின் இருக்கும். அதை அப்படியே காட்டினால் வண்டி ரோட்டுக்கும் ஓரத்துக் கால்வாய்க்கும் தள்ளாடுவதுபோல் தெரியும். எனவே மென்பொருள் ஒரு சின்னப் பொய் சொல்கிறது: 'கார் என்றால் ரோட்டில்தான் இருக்கும்' என்று வைத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள நூல்களில் எது பொருத்தமோ அதன் மேல் அம்புக்குறியை இழுத்து உட்கார வைக்கிறது. தூரம் மட்டுமில்லை, போகும் திசையும் ஒத்துவர வேண்டும். பழைய ரோடு இணையாக வந்தவரை திசை ஒத்துப்போனது, ஒட்டிக்கொண்டது. ரோடு வளைந்ததும் ஒப்பவில்லை, கைவிட்டது. அந்த நீச்சல் முழுக்க இந்த இழுபறிதான்.

வத்தல்மலை ஏறும்போது இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். கொண்டை ஊசி வளைவுகளில் மேல் ரோடும் கீழ் ரோடும் அருகருகே ஓடும், திசை மட்டும் நேர் எதிர். திரும்பி முடித்த முதல் சில வினாடிகளுக்கு அம்புக்குறி கீழ் ரோட்டிலேயே நிற்கும், பிறகு ஒரு தாவு தாவும். கிருஷ்ணகிரியில் சென்னை ரோடும் சேலம் ரோடும் பிரியும் இடத்தில் மேம்பாலமா, சர்வீஸ் ரோடா என்று தடுமாறுவதும் இதே கோளாறுதான். ஜி.பி.எஸ். தரும் மூன்று எண்களில் உயரம்தான் நம்பிக்கை குறைந்தது.

வண்டியோடு வந்த நேவிகேஷனுக்கு செல்போனுக்கில்லாத ஒரு வசதி உண்டு. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது பிரேக்குக்காக வைத்திருக்கும் ஏ.பி.எஸ். சென்சார் வழியாகத் தெரியும், எந்தப் பக்கம் திரும்பியது என்பது கைரோ சென்சார் வழியாகத் தெரியும். சிக்னல் அறுந்தாலும் சிறிது தூரம் குத்துமதிப்பாகப் போய்க்கொண்டிருக்கும். 1985-இல் அமெரிக்காவில் வந்த ஈடேக் என்ற கருவி ஜி.பி.எஸ். இல்லாமல், சக்கரச் சென்சாரையும் திசைகாட்டியையும் வைத்தே கார் ஓடும் இடத்தைக் காட்டியது. அதன் மேப் பாட்டு கேட்கும் கேசட் மாதிரியான டேப்பில் இருந்தது. ஊர் தாண்டினால் கேசட்டை மாற்ற வேண்டும். அந்தக் காலத்து அப்டேட்!

என் கேசட்டை நான் மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

முதலில் செட்டிங்ஸுக்குள் போய் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: மென்பொருளின் பதிப்பு, மேப்பின் பதிப்பு. இரண்டும் வேறு வேறு. புது மேப்பைப் பழைய மென்பொருளால் படிக்க முடியாமல் போகலாம், அப்போது மென்பொருளைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். வண்டிக் கையேட்டில் இந்த வரிசை இருக்கும். அதைப் படிக்காமல் பென்டிரைவைச் செருகிவிட்டு "இது வேலை செய்யாது" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

என் நேவிகேஷன் செட்டில் முறை கொஞ்சம் விசித்திரம். காலியான பென்டிரைவை முதலில் வண்டியில் செருக வேண்டும். வண்டி அதில் தன் அடையாளத்தை ஒரு சின்னக் கோப்பாக எழுதித் தரும். அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினால், கம்பெனியின் மென்பொருள் அதைப் படித்து, இந்த வண்டிக்கு என்ன உரிமம் என்று பார்த்து, அதற்கான மேப்பை மட்டும் இறக்கும். சில வண்டிகளில் மேப் ஒரு எஸ்.டி. கார்டில் வரும். ஒவ்வொரு கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே பதித்த தனி எண் உண்டு, மேப் அந்த எண்ணோடு பூட்டப்பட்டிருக்கும். நண்பர் கார்டிலிருந்து காப்பி அடித்தால் கோப்புகள் வரும், மேப் வராது. இலவச மேப் தருகிறோம் என்று இணையத்தில் விரிந்து கிடக்கும் தளங்களின் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

பென்டிரைவை எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்யச் சொல்வார்கள். கார் செட்டுகள் பலவற்றுக்கும் படிக்கத் தெரிந்த பழைய மொழி அது. ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் அதில் எழுத முடியாது, அதனால்தான் பெரிய மேப்பைத் துண்டு துண்டாக வெட்டித் தருகிறார்கள். துண்டுகளின் பெயரை அழகுபடுத்துகிறேன் என்று மாற்றிவிடாதீர்கள்.

வண்டியில் செருகியதும் உடனே காப்பி ஆரம்பிக்காது. முதல் சில நிமிடம் 'சரிபார்க்கிறது' என்று நிற்கும். தக்காளி மண்டியில் லோடு இறக்கும்போது சீட்டில் எழுதிய பெட்டிக் கணக்கையும் எடையையும் ஒத்துப்பார்க்காமல் உள்ளே விடமாட்டார்கள் அல்லவா? அதுதான் இங்கேயும். கோப்பு முழுவதையும் ஒரு கணக்கில் போட்டுப் பிழிந்தால் ஒரு நீண்ட எண் வரும். ஜிபி கணக்கான தரவில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்த எண் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். கம்பெனி அனுப்பிய சீட்டில் உள்ள எண்ணோடு அது பொருந்த வேண்டும். அந்தச் சீட்டும் கம்பெனியின் ரகசியச் சாவியால் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும். எனக்கு முதல் முறை இங்கேயே நின்றது. இறக்கும்போது நெட் அறுந்து ஒரு துண்டு குறையாக வந்திருந்தது. நல்லவேளை, செட் அதை உள்ளே விடவில்லை.

இரண்டாம் முறை ஏறியது. ஐம்பது நிமிடம். பென்டிரைவிலிருந்து படித்து, சுருக்கியதை விரித்து, எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்து என்று நாலு வேலை. இந்த நேரத்தில் மின்சாரம் போகக்கூடாது. வண்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் சிலேட்டில் ஒரு எழுத்தை அழித்து எழுதுவதுபோல் எழுத முடியாது. ஒரு பெரிய கட்டத்தையே அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத வேண்டும். பழைய மேப்புக்கும் புதியதற்கும் சேர்த்து இடமில்லாத செட்டுகள் பழையதை முதலில் துடைத்துவிடும். நடுவில் அணைத்தால் இரண்டுமே இருக்காது.

இஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் திருப்பிவைத்தால் பேட்டரியைக் காக்க செட் தானாக அணைந்துவிடக்கூடும். எனவே இஞ்சினை ஓடவிடச் சொல்வார்கள். ஓடவிடுங்கள், ஆனால் ஷெட்டுக்குள் இல்லை. மூடிய இடத்தில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். நான் வாசலில், வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டேன். இன்னும் நல்ல வழி, பெங்களூருக்கோ சேலத்துக்கோ போகும் வழியில் ஏற்றுவது. ஓடும்போது ஏற்ற அனுமதிக்கும் செட்டாக இருந்தால்.

மாமனார் காபி டம்ளரோடு வந்து எட்டிப்பார்த்தார். "போன்ல கூகுள் மேப் இருக்குதே மாப்ளே, இதுக்கு எதுக்கு பெட்ரோலை எரிக்கிறே?"

நியாயமான கேள்வி. போன் மேப் அவ்வப்போது தானே புதுப்பித்துக்கொள்கிறது. டிராஃபிக்கும் சொல்கிறது. தருமபுரி டவுனுக்குள் நானும் அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் இறங்கும் காட்டு ரோட்டில் போனில் டவர் காணாமல் போகும். முன்கூட்டியே ஆஃப்லைன் மேப் இறக்கி வைக்காதவர் பாடு திண்டாட்டம். வண்டி மேப்பு முழுசாக வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு நெட்டும் வேண்டாம், டவரும் வேண்டாம். செயற்கைக்கோள் சிக்னலுக்கு வானம் தெரிந்தால் போதும்.

மேப் மாறியதும் முதலில் கவனித்தது ரோடுகளை அல்ல, ஊர்களை. பழைய மேப்பில் வாணியம்பாடியை வேலூர் மாவட்டத்துக்குள் தேடினால்தான் கிடைக்கும். திருப்பத்தூர் தனி மாவட்டமானது 2019-இல். அந்தக் குரல் மட்டும் திருந்தவில்லை. பெயர்களை எப்படி உச்சரிப்பது என்பதும் மேப்புக்குள் இருக்கும் தரவுதான், நம் ஊர்ப் பெயர்களுக்கு அதை யாரும் மெனக்கெட்டு எழுதவில்லை போலிருக்கிறது. அதியமான்கோட்டையை ஆங்கில எழுத்துக் கூட்டி ஒரு கடி கடிக்கிறது. ஔவையார் கேட்டிருந்தால் நெல்லிக்கனியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

சாயங்காலம் அதே புது ரோட்டில் பாலக்கோடு வரை ஒரு சுற்று போய்வந்தோம். அம்புக்குறி நாலுவழிச் சாலையின் இடதுபக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. யு-டர்ன் கேட்கவில்லை. மாமனார் ஸ்கிரீனையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கும்போது குரல் சொன்னது: "இருநூறு மீட்டரில் நீங்கள் சேரவேண்டிய இடம்."

எங்கள் தெரு போட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது.