பெட்டியில் மாத்திரை, மசாலாவில் கசகசா

நாளை ராத்திரி துபாய் ஃப்ளைட். இன்று சாயங்காலம் மருந்துக்கடை கவுன்டரில் வந்து நின்று, “மூணு மாசத்துக்கு எல்லாத்தையும் கட்டிக் குடுங்க” என்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற பெரியவர்கள்தான் அதிகம். சீட்டை வாங்கிப் பார்த்தால் அதில் டிரமடால் என்ற வலி மருந்து இருக்கும், அல்லது பதற்றத்துக்குத் தருகிற அல்பிரசோலம். “இதை அங்க கொண்டுபோக அனுமதி வாங்கிட்டீங்களா?” என்றால், மருந்தாளுநருக்கு இதெல்லாம் எதற்கு என்பது போல ஒரு பார்வை.

“டாக்டர் சீட்டு இருக்கே!” எனக்கு அலுத்துப்போன வாக்கியம் இது. சீட்டு, அந்த மருந்து உங்களுக்காக எழுதப்பட்டது என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். அதை இன்னொரு நாட்டுக்குள் கொண்டுபோக அது அனுமதி ஆகாது. நம் ஊர் டாக்டரின் கையெழுத்து அந்த நாட்டுச் சுங்க அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. “இங்க எல்லாக் கடையிலும் கிடைக்குதே” என்பது அடுத்தது. கிடைக்கிறது, இங்கேயே அது சும்மா தரக்கூடிய மருந்து இல்லை. டிரமடால் 2018-லேயே நம் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பாரசிட்டமாலோடு சேர்த்து மூட்டுவலிக்குத் தருகிற மாத்திரையிலும் அது இருக்கலாம். அட்டையில் பெரிதாக இருக்கிற பெயரை விடுங்கள், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். போகிற நாட்டில் பார்ப்பது அதைத்தான்.

இன்னொன்று, வயிற்றுப் பொருமலுக்குத் தருகிற ஒரு கூட்டு மாத்திரை. கிளிடினியத்தோடு குளோர்டயசெபாக்சைடும் அதில் இருக்கும். இந்தக் குளோர்டயசெபாக்சைடு, டயசிபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தின் குடும்பம். சாப்பிடுகிறவர் கேட்டால் “கேஸ் மாத்திரை” என்பார். இருமல் சிரப்பில் அபின் வகை மருந்தான கோடீன் இருக்கிறதா, லேகியத்தில் கஞ்சாவோ அபினோ சேர்ந்திருக்கிறதா என்பதும் இதே கதைதான்.

ஐக்கிய அரபு அமீரகம் போகிறவர்கள், கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்றால் கிளம்பும் முன்பே அந்நாட்டு அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். துபாயில் விமானம் மட்டும் மாறுகிறேன் என்பவர்களுக்கும் அந்நாட்டுச் சட்டம் பொருந்தும். சிங்கப்பூருக்கு மூன்று மாத அளவுக்கு மேல் வேண்டாம். சில தூக்க மாத்திரைகளுக்கும் கடுமையான வலி மருந்துகளுக்கும் அங்கேயும் முன் அனுமதி வேண்டும். ஜப்பான் வேறு ரகம்: சீட்டு மருந்து ஒரு மாத அளவு, அதைத் தாண்டினால் முன்கூட்டியே ‘யுன்யு காகுனின்ஷோ’ என்ற இறக்குமதி உறுதிச் சான்று வேண்டும். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மூக்கடைப்பு மாத்திரைக்கு அங்கே அனுமதியே கிடையாது. பட்டியல்கள் மாறும், போன வருஷம் கொண்டுபோனேன் என்று வாதாடாதீர்கள்.

டாக்டரிடம் தனியாக ஒரு கடிதம் கேளுங்கள், ஆங்கிலத்தில், தட்டச்சில். மூலப்பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்த நோய்க்கு, மருத்துவரின் பதிவு எண், முத்திரை. உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். சீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்றால், அந்தச் சீட்டு யாருடையது என்ற கேள்வி வரும்.

அட்டையை வெட்டாதீர்கள். கடைக்காரர் பத்தில் ஆறை வெட்டிக் கொடுத்தால், பெயரும் காலாவதித் தேதியும் அச்சான துண்டு அவரிடமே நின்றுவிடும். உங்கள் கையில் இருப்பது பெயரில்லாத வெள்ளை மாத்திரை. (இந்தப் பழக்கத்தில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு.) ‘காலை – இரவு’ என்று பேனாவால் எழுதிய காகித உறையும், ஏழு அறை மாத்திரை டப்பாவும் வீட்டோடு இருக்கட்டும். முழு அட்டை, பில், கடிதம் எல்லாம் கைப்பையில். இன்சுலினும் கைப்பையில்தான், சரக்குப் பகுதியில் உறைந்தால் வீண், பிறகு உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் போடக்கூடாது.

அடுத்து கசகசா. சிரிக்காதீர்கள். அபின் செடியின் விதை அது; காயின் பால் ஒட்டி விதையின் மேல் மார்ஃபின் இருக்கலாம். அமீரகம், சவூதி, சிங்கப்பூர் மூன்றிலும் தடை. பொட்டலமாக வைக்காவிட்டாலும், மகளுக்கென்று அரைத்த குருமாப் பொடியில் இரண்டு ஸ்பூன் போயிருக்கும். அம்மாக்களே, வெளிநாட்டுக்கு அரைக்கிற பொடியில் மட்டும் முந்திரி போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, “எங்க பையன் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவான்” என்று பக்கத்து வீட்டார் நீட்டும் மருந்துப் பை. சீட்டு அவர் பெயரில், பெட்டி உங்கள் பெயரில். முகத்தாட்சண்யம் பார்க்காமல் மறுத்துவிடுங்கள். முடியவில்லையா, மருந்துக்கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று எங்கள் தலையில் போடுங்கள்.