கேண்டில் ஃபில்டருக்குள் தண்ணீர் கழிக்கும் நாலரை நிமிடம்

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: ஊரிலிருந்து வந்த மாமியார் ஒரு எவர்சில்வர் ஃபில்டரைச் சமையலறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், கரண்டும் கிடையாது, குழாய் இணைப்பும் கிடையாது, மேலே ஊற்றினால் கீழே சொட்டுகிறது, இது நிஜமாகவே சுத்தம் செய்யுமா, சிங்கப்பூரில் இது தேவைதானா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தேவையில்லை. இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கலாம், பொதுப் பயனீட்டுக் கழகமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஊரில் கிணறு, போர்வெல், லாரித் தண்ணீர் என்று குடிப்பவர்களுக்கு இந்தப் பாத்திரம் பெரிய துணை, அதனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

மேல் பாத்திரத்துக்குள் வெள்ளையாக நிற்பதுதான் கேண்டில். சுட்ட பீங்கான், பல கேண்டில்களில் டயட்டம் என்ற நுண்பாசிகளின் கண்ணாடி போன்ற ஓடுகள் படிந்து உண்டான மண். இங்கிலாந்தில் டவுல்ட்டன் நிறுவனத்தார் 1827 வாக்கிலேயே பீங்கான் ஃபில்டர் செய்தார்கள், ஜெர்மனியில் பெர்க்கஃபெல்ட் 1891-ல் டயட்டம் மண்ணில் செய்தார். தண்ணீரைத் தள்ளுவது அதன் எடை மட்டுமே. 20 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் காற்றழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான். மட்டம் பாதியாகக் குறைந்தால் வேகமும் ஏறக்குறைய பாதியாகும், இது 1856-ல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி வெளியிட்ட விதி. அவரும் பிரான்சில் டிஜோன் நகரத்தின் தண்ணீருக்காக மணலில் சோதனை செய்தபோதுதான் இதைக் கண்டார்.

இதெல்லாம் பள்ளிப் பாடம். எனக்குப் பிடித்தது கேண்டிலின் சுவருக்குள் நடப்பதுதான்.

5 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 8 மில்லிமீட்டர் கனமான சுவர், மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுவரில் பாதிக்கு மேல் வெற்றிடம் என்றால், ஒரு துளி வெளியிலிருந்து உள்ளே வந்து சேர நாலு, நாலரை நிமிடம் ஆகிறது. வெறும் 8 மில்லிமீட்டருக்கு! இதைச் சல்லடை என்று நினைப்பதால்தான் நமக்குப் புரியாமல் போகிறது. சல்லடைக்கு ஒரே ஒரு வாசல். இங்கே வளைந்து, ஒடுங்கி, இன்னொன்றில் போய்ச் சேர்ந்து, சில இடத்தில் முட்டுச்சந்தாகவே முடிந்துபோகும் ஆயிரக்கணக்கான வாசல்கள் வரிசையாக வருகின்றன. ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள பாக்டீரியா, தன்னைவிடப் பெரிய துளைக்குள் தாராளமாக நுழைந்துவிடலாம், அப்புறம் பத்தாவது திருப்பத்திலோ நூறாவது திருப்பத்திலோ ஒரு இடுக்கில் மாட்டிக்கொள்ளும். இந்த ஃபில்டரின் பலமே அந்தக் கனம்தான்.

வைரஸ் கதை வேறு. அது பாக்டீரியாவைவிடப் பல மடங்கு சிறியது, நீர் மூலக்கூறுகள் மோதுவதால் ஓரிடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டே போகும், அதனால் நாலரை நிமிடத்தில் சுவரைத் தொடாமல் போகவே முடியாது. ஆனால் ஒட்டாது. சாதாரணத் தண்ணீரில் பீங்கானின் மேற்பரப்புக்கும் பெரும்பாலான வைரஸ்களுக்கும் ஒரே வகை மின்னூட்டம் (எதிர்மின்) இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. அதனால் பாக்டீரியாவுக்கு கேண்டிலை நம்பலாம், வைரஸுக்கு நம்பக்கூடாது. ஊரில் வைரஸால் வரும் மஞ்சள் காமாலை பரவுகிறது என்றால் வடிகட்டிய தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். கரைந்திருக்கும் உப்பும் அப்படியே கீழே வந்துவிடும்.

சில கேண்டில்களுக்குள் நுண்துளைகள் உண்டாகும்படி பதப்படுத்திய தேங்காய்ச் சிரட்டைக் கரி இருக்கும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டும், அதாவது பத்து நான்கறை வீவக (அரசின் அடுக்குமாடி) வீடுகளின் தரை ஒரு சிட்டிகைக்குள். குளோரின் வாசனையை எடுப்பது இதுதான். இங்கேதான் சிங்கப்பூர்வாசிகள் கவனிக்க வேண்டும்: அந்தக் குளோரின் வகை மருந்துதான் குழாய் நெடுக நம் தண்ணீரைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறது. கரி அதை எடுத்தபின் கீழ்ப் பாத்திரத்தில் இரண்டு மூன்று நாள் தேங்கும் தண்ணீருக்குக் காவல் இல்லை. கழுவாத ஃபில்டர், குழாய்த் தண்ணீரைவிட மோசமான தண்ணீரைக் கொடுக்கும்.

எங்கள் புளோக்கில் ஃபில்டர் விற்க ஒருவர் வந்து, குழாய்த் தண்ணீரில் இரண்டு உலோகக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தண்ணீர் பழுப்பாகி நுரைத்தது, பக்கத்து வீட்டுப் பாட்டி பயந்துபோய் அப்போதே பணத்தை எடுக்கப் போய்விட்டார். அந்தப் பழுப்பு, கம்பியின் இரும்பே கரைந்து வந்தது. அவர் ஃபில்டரில் உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் அவ்வளவாக ஓடாததால் அது தெளிவாக நிற்கும், அவ்வளவுதான். வயதானவர்களிடம் இப்படிச் செய்வது பாவம் என்றுதான் சொல்வேன்.

தண்ணீர் வடிகட்டும் சவ்வு ஆராய்ச்சிக்குச் சிங்கப்பூர் செலவழிக்கும் பணம் வீண் இல்லை, கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் புதுநீரே அதற்குச் சாட்சி. இருந்தாலும் மலிவான சாதனங்களுக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. குவாத்தமாலாவில் ஃபெர்னாண்டோ மசாரியேகோஸ் 1981-ல் ஒரு களிமண் பானை ஃபில்டரை உருவாக்கினார். களிமண்ணோடு மரத்தூள் அல்லது உமி கலந்து சுட்டால் அது எரிந்துபோய், இருந்த இடமெல்லாம் துளையாகிவிடும். உமிக்கும் குயவருக்கும் நம் ஊரில் பஞ்சமா?

சரி, மாமியார் கொடுத்த ஃபில்டருக்கு வருவோம். சொட்டுவது மெதுவானால் கேண்டிலைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் மெல்லிய பிரஷால் தேயுங்கள். சோப்பு போடாதீர்கள், துளைக்குள் போய்த் தங்கிவிடும். வழவழவென்று ஒரு படலம் விரலோடு வரும், அதன் கீழே பழைய வெள்ளை தெரியும். தேய்க்கத் தேய்க்க சுவர் மெலியும். அதனால் கேண்டில் புதிதாக இருக்கும்போதே ஒரு நூலை இறுக்கமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டுக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை கழுவியதும் மாட்டிப் பாருங்கள். நூல் தொளதொளவென்று நழுவினாலோ, மயிரிழை விரிசல் ஒன்று கண்ணில் பட்டாலோ, வேறு கேண்டில் வாங்கிவிடுங்கள்.