துண்டுகளுக்குள் ஒரு நீல மான்

குமரி மாவட்டத்தில் கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் மிளா என்னும் பெரிய மான் நின்றால் சட்டென்று தெரியாது. உடம்பும் பழுப்பு, நிழலும் பழுப்பு. இலைகளுக்கிடையே விழும் வெயில் முதுகின் கோட்டை அங்கங்கே அழித்துவிடும். திடீரென்று ஒரு காது அசையும். உடனே கழுத்து, முதுகு, கால் என்று முழு மிளாவும் வந்து நிற்கும். பிறகு அதைப் பார்க்காமல் இருக்க நினைத்தாலும் முடியாது. உருவங்களைத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிச ஓவியத்தில் விலங்கைத் தேடும்போது மூளை செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஓவியத்தில் காது மட்டும் அசையாது.

பார்வையில் முதல் வேலை விளிம்பைப் பிடிப்பது. டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1959-ல் பூனையின் மூளையை ஆராய்ந்தபோது, குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கு மட்டும் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டார்கள். நிமிர்ந்த கோட்டுக்குச் சில, சாய்ந்த கோட்டுக்கு வேறு சில. இருவருக்கும் 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படிச் சேரும் கோட்டுத் துண்டுகளை வைத்து எது முன்னால், எது பின்னால் என்று மூளை அடுத்துத் தீர்மானிக்கிறது. ஒரு கோடு இன்னொன்றில் முட்டி நின்றால், முட்டியது பின்னால் தொடர்ந்து போகிறது என்று எடுத்துக்கொள்கிறது. தென்னைக்குப் பின்னால் நிற்கும் பசு நமக்கு இரண்டு பாதிகளாகத் தெரியாமல் ஒரே பசுவாகத் தெரிவது இதனால்தான்.

1907, 1908 வாக்கில் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் கைவைத்தது இந்த இடத்தில். ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து ஒரே நேரத்தில் காட்டுவதுதான் கியூபிசம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது சரிதான், ஆனால் போதாது. என் கண்ணுக்கு அதைவிடப் பெரிய காரியம், அவர்கள் விளிம்பைத் திறந்துவிட்டது. ஒரு தளத்தின் ஓரம் பாதியில் கரைந்து பக்கத்துத் தளத்தோடு கலக்கிறது. ஒரு முனையில் முன்னால் இருப்பது மறுமுனையில் பின்னால் போய்விடுகிறது. முட்டும் கோடுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட சாட்சி சொல்கின்றன. மூளை ஒரு முடிவுக்கு வரும், கலைக்கும், மறுபடி சேர்க்கும்.

இந்த முறையை விலங்குகளிடம் கொண்டுபோனவர் ஜெர்மானிய ஓவியர் ஃப்ரான்ஸ் மார்க். கண்டிப்பாகப் பார்த்தால் அவரை எக்ஸ்பிரஷனிஸ்ட், அதாவது கண்ட உருவத்தைவிட உள்ளுணர்வை வரைபவர், என்றுதான் சொல்ல வேண்டும். கியூபிசம் அவர் கடன் வாங்கிய மொழி. விலங்குகளின் எலும்பையும் தசையையும் ஊன்றிப் படித்து, அதைப் பிறருக்குக் கற்பித்தும் வந்தவர். 1912-ல் பாரிஸில் ஓவியர் ராபர்ட் டெலோனேயைச் சந்தித்தார். சாளரங்களைப் பொருளாக்கி, வண்ண ஒளித் துண்டுகளாகவே டெலோனே படங்கள் வரைந்துகொண்டிருந்த சமயம் அது. பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில் வண்ண மைக்கா பதித்த சாளரங்களைப் பார்த்த நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த எண்ணம் அந்நியமாக இருக்காது. நிறம் பொருளின் மேல் ஒட்டியிருக்க வேண்டியதில்லை. ஒளியோடு வந்து எதன் மேலும் விழலாம்.

மார்க் 1913-ல் வரைந்த ‘விலங்குகளின் விதி’ இப்போது சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் இரண்டரை மீட்டருக்கு மேல். கைபேசித் திரையில் பார்த்தால் வெறும் சிலும்பல்களாகத் தெரியும். பெரிதாக்கி, முதலில் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நுண்கோடுகள் மங்கி, வெளிச்சமும் இருளும் மட்டும் பெரிய திட்டுகளாக நிற்கும். படம் முழுவதையும் கோணலாக வெட்டிப்போகும் கீற்றுகள் அப்போதுதான் பிடிபடும். பிறகு கண்ணைத் திறந்து நடுவுக்கு வாருங்கள். தலையை மேலே எறிந்து, கழுத்தை நீட்டிய நீல மான் ஒன்று கிடைக்கும். அது கிடைத்துவிட்டால் மற்றவை எளிது: இடப்புறம் குதிரைகள், காட்டுப்பன்றிகள். விலங்கைத் தேடும்போது உடம்பைத் தேடக்கூடாது, காதையும் மூக்கையும் கால்மூட்டையும் தேட வேண்டும். உடைக்க முடியாத அடையாளங்கள் அவை. மார்க்கும் அவற்றை விட்டுவைத்திருக்கிறார்.

அடுத்து, மானின் கழுத்துக்கோட்டைப் பிடித்துக்கொண்டே போங்கள். மானைவிட்டு வெளியேறியும் அந்தச் சாய்வு நிற்பதில்லை. சரியும் மரத்திலும் ஒளிக்கீற்றிலும் அதே திசை தொடர்கிறது. படத்தின் பொருள் இங்கேதான் இருக்கிறது. காடு தனி, விலங்கு தனி என்று பிரிக்கும் விளிம்பே இல்லாதபோது, மரத்தில் விழும் வெட்டு மானுக்குள்ளும் விழுகிறது. மரங்கள் தம் வளையங்களையும் விலங்குகள் தம் நாளங்களையும் காட்டின என்பதே மார்க் முதலில் நினைத்திருந்த தலைப்பு. நீலத்துக்கும் காரணம் உண்டு. 1910-ல் நண்பர் ஆகஸ்ட் மாக்கேவுக்கு எழுதிய கடிதத்தில் நீலத்தை ஆன்மிகத்தின் நிறம் என்றார். அதற்காக அகராதி பார்ப்பதுபோல ஒவ்வொரு நிறத்துக்கும் பொருள் தேடினால் படம் கையைவிட்டுப் போய்விடும்.

விளிம்பை உடைக்கும் இதே அறிவு முதல் உலகப் போருக்கும் போனது. பீரங்கிகளை விமானத்தின் கண்ணிலிருந்து மறைக்க, 1916-ன் தொடக்கத்தில் மார்க் போர்முனையில் பெரிய தார்ப்பாய்களில் வண்ணம் தீட்டினார். மார்ச் 4-ம் தேதி பிரான்சில் வெர்டன் அருகே கொல்லப்பட்டார்.

அவர் இறந்த பிறகு ஒரு கிடங்குத் தீயில் ‘விலங்குகளின் விதி’யின் வலப்புறம் மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. நண்பரும் ஓவியருமான பால் கிளே 1919-ல் அதைத் திரும்ப வரைந்தார். கோடுகளை மீட்டாரே தவிர, நிறங்களை மங்கிய பழுப்பிலேயே விட்டார். அந்தப் பகுதியில் நிற்பவை மானா நரியா என்பதில் பார்ப்பவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்தக் குழப்பத்தை முழுக்க மார்க்கின் கணக்கில் எழுதாதீர்கள். பாதி தீயின் வேலை. இடப்புறத்தையும் நடுவையும் படித்து முடித்து, அவருடைய கோடு எப்படிச் சாயும் என்று கண் பழகிய பிறகு அந்தப் பக்கம் போவது நல்லது.