கம்பெனிப் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரூட்டர்: யார் உள்ளே, யார் வெளியே?

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டே. பழைய கல் கட்டடம், சுவர் ஒன்றரை அடி கனம். இணைய நிறுவனம் வைத்துவிட்டுப் போன பெட்டி முன்னறையில் இருந்தது. பின்கட்டு அறைகளுக்கு வைஃபை எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் அந்த வீட்டு அக்கா ஒரு ரூட்டர் வாங்கி, பெட்டியிலிருந்து கேபிள் இழுத்துப் பின்கட்டில் மாட்டிவிட்டார்.

"விருந்தாளிங்களுக்குத் தனி வைஃபை குடுத்துட்டேன் தம்பி. நம்ம கேமரா எல்லாம் கம்பெனி பெட்டியிலயே இருக்கு. இனி பயமில்ல."

நான் போனது டிவிஆரில், அதாவது கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டியில், ஹார்டு டிஸ்க் மாற்ற. சும்மா இருக்காமல் என் போனை அந்த விருந்தினர் வைஃபையில் சேர்த்து, பிரவுசரில் டிவிஆரின் முகவரியை அடித்தேன். லாகின் பக்கம் வந்து நின்றது. பாஸ்வேர்டு, டிவிஆர் வாங்கிய அன்று இருந்ததேதான். வாசல், கார் நிற்கும் இடம், சமையலறை எல்லாம் போனில் ஓடியது. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

இந்தத் தப்பை நீலகிரியில் பல தங்கும் விடுதிகளில் பார்த்துவிட்டேன். ஒரு ரூட்டருக்குப் பின்னால் இன்னொன்றை மாட்டினால், பின்னால் இருப்பது ஒருவழிக் கதவு. அதற்குள் இருப்பவர்கள் வெளியே போகலாம். வெளியிலிருந்து யாரும் தானாக உள்ளே வர முடியாது. நம் ரூட்டரைப் பொறுத்தவரை 'வெளியே' என்றால் கூகுள் மட்டுமல்ல, கம்பெனிப் பெட்டியும் அதில் சொருகியிருக்கும் எல்லாமும்தான். ஆக, அக்கா விருந்தாளிகளைக் கதவுக்கு உள்ளேயும் தன் கேமராவைத் திண்ணையிலும் வைத்திருந்தார். அதுவும் கேபிளை ரூட்டரின் வான் (WAN, வெளி இணைப்புக்கான) துளையில் சொருகியதால் இந்த ஒரு கதவாவது இருந்தது. லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் சொருகியிருந்தாலோ, வைஃபையை மட்டும் நீட்டித் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறையில் போட்டிருந்தாலோ கதவே கிடையாது, எல்லாம் ஒரே கூடம்.

சரி, கம்பெனிப் பெட்டியையே சரிசெய்து பயன்படுத்தினால் என்ன? பல நிறுவனங்கள் அதன் முழு நிர்வாகப் பாஸ்வேர்டைத் தருவதில்லை. டிஆர்-069 என்ற நெறிமுறை வழியாகத் தூரத்திலிருந்தே செட்டிங்ஸ் மாற்றுவார்கள், மென்பொருள் ஏற்றுவார்கள். இதைச் சதி என்று நினைக்க வேண்டாம். குன்னூரில் ஒரு பெட்டி மக்கர் பண்ணினால் மலையேறி வராமலே பார்த்துவிடலாமே. ஆனால் அந்த வழியைத் திருடனும் தட்டிப் பார்ப்பான். 2016 நவம்பரில் மிராய் நச்சுநிரலின் ஒரு வகை இதே பராமரிப்பு வழியைக் குறிவைத்தபோது, ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்பு தடுமாறியது. அதனால்தான் சாவி நம் கையில் இருக்கும் கதவு ஒன்று வேண்டும் என்கிறேன்.

இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்திருந்தால் இணையம் வராது. சில ரூட்டர்கள் தாமாக மாறிக்கொள்ளும். மாறாவிட்டால் உங்களுடையதை 192.168.50.1 என்று மாற்றுங்கள். இரண்டு ரூட்டர் தாண்டிப் போவதால் யூடியூபுக்கோ யுபிஐக்கோ குறை இல்லை. சில ஆன்லைன் விளையாட்டுகள் முரண்டு பிடிக்கும், வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை இரண்டு பெட்டியிலும் செய்தாக வேண்டும். அதற்கு முன் கம்பெனிப் பெட்டியின் வான் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் உங்களுக்கெனத் தனிப் பொது முகவரி இல்லை. எத்தனை ஃபார்வர்டிங் போட்டாலும் வீண். கம்பெனிப் பெட்டி ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறையைக் கேட்டு வாங்க முடிந்தால் இரட்டைக் கதவுத் தொல்லையே இல்லை. ஆனால் பெட்டியில் தொலைபேசி இணைப்பும் இருந்தால், அது வேலை செய்யுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டில் செய்தது இவ்வளவுதான். டிவிஆருக்கு ஒரு கேபிள் இழுத்துப் புது ரூட்டரின் லேனில் சொருகினேன், பாஸ்வேர்டை மாற்றினேன். அதே ரூட்டரில், இணையம் மட்டும் கிடைக்கும், வீட்டுக் கருவிகளைத் தொட முடியாத கெஸ்ட் நெட்வொர்க்கைத் திறந்து வேறு பெயர் வைத்தேன். முன்பு விருந்தாளிகளுக்குக் கொடுத்திருந்த வைஃபைக்கும் பாஸ்வேர்டு மாறியது. இல்லையென்றால் பழைய போன்களெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைத்தேன். மின்வெட்டு பழகிய ஊர் என்பதால் இரண்டு பெட்டிகளுக்கும் சின்ன யுபிஎஸ் சொன்னேன்; ஒன்றுக்கு மட்டும் வைத்துப் பயனில்லை.

கடைசியில் அக்காவே தன் போனை கெஸ்ட் வைஃபையில் போட்டு, டிவிஆரின் புது முகவரியை அடித்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை அடித்தார். அப்போதும் திறக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு டீ வந்தது.