24 மணி நேர விளையாட்டைப் பெற்றெடுத்த விலைப் பட்டியல்

1978 மே மாதம் பில் ராஸ்முசனுக்கு வேலை போனது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ இங்கிலாந்து வேலர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணிக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்தவர் அவர். வீட்டில் சும்மா உட்காரவில்லை. மாநிலத்துக்குள் நடக்கும் ஆட்டங்களைக் கேபிள் வழியாகக் காட்டினால் என்ன என்று மகன் ஸ்காட்டோடு சேர்ந்து யோசித்தார். ஆசை அவ்வளவு சின்னதுதான்.

அதற்காக விசாரித்தபோது ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் செயற்கைக்கோள் வாடகை விவரம் கைக்கு வந்தது. தினமும் மாலையில் 5 மணி நேரம் எடுத்தால் ஒரு நாளைக்கு 1,250 டாலர். இரவு பகல் முழுக்க எடுத்துக்கொண்டால் மாதத்துக்குச் சுமார் 34,000 டாலர். முதல் கணக்கை 30 நாளால் பெருக்குங்கள்: 37,500. அதாவது, 24 மணி நேரத்தின் வாடகை 5 மணி நேரத்தின் வாடகையைவிடக் குறைவு! தந்தையும் மகனும் முழு நாளையும் எடுத்தார்கள். இத்தனை மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. விளையாட்டை மட்டுமே காட்டும் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி உருவான வழி இது.

இப்படி ஒரு விலை எப்படி வரும்? செயற்கைக்கோளுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் புரியும்.

அந்தச் செயற்கைக்கோளின் பெயர் சாட்காம் 1. 1975 டிசம்பரில் ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருளைச் சுற்றவிட்டால், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே வேகத்தில் அதுவும் சுற்றிவரும். கீழே நிற்பவருக்கு அது ஆணி அடித்ததுபோல ஒரே இடத்தில் நிற்கும். ஆகவே தரையிலுள்ள டிஷ்ஷை ஒரு தடவை திருப்பி வைத்தால் போதும்.

மேலே இருப்பது டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி. தரையிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் சிக்னலை வாங்கி, 4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, வலுவூட்டித் திருப்பி அனுப்பும். ஏன் மாற்ற வேண்டும்? அனுப்பும் குரலும் கேட்கும் குரலும் ஒரே சுருதியில் இருந்தால், வானிலிருந்து கத்தும் சத்தத்தில் கீழேயிருந்து வரும் மெல்லிய சத்தம் அமுங்கிப்போகும்.

சாட்காம் 1-இன் நேர்த்தி இன்னொன்றில் இருந்தது. கிடைத்த 500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தை 40, 40 மெகாஹெர்ட்ஸாகப் பிரித்தால் 12 தடங்கள்தான் தேறும். ஆனால் அதில் 24 டிரான்ஸ்பாண்டர்கள். ஒரு கயிற்றைச் சுவரில் கட்டி மறுமுனையை ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழுமாக ஆட்டினால் ஓர் அலை. இடமும் வலமுமாக ஆட்டினால் இன்னோர் அலை. ஒன்று மற்றதில் கலக்காது. ரேடியோ அலையும் அப்படித்தான். ஒரே அலைவரிசையில் செங்குத்தாக ஒரு நிகழ்ச்சி, கிடையாக ஒரு நிகழ்ச்சி என்று அனுப்பி இடத்தை இரட்டிப்பாக்கினார்கள்.

இப்போது வாடகைக்கு வருவோம். ராக்கெட் செலவு ஏற்கெனவே முடிந்துவிட்டது. மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து வருகிறது. யாரும் பயன்படுத்தாத நள்ளிரவு 3 மணியைச் சேமித்து வைத்து மாலை 7 மணிக்கு விற்க முடியாது. மாலை நேரம் எல்லோருக்கும் வேண்டும்; மற்ற நேரத்தைக் கேட்க ஆளில்லை. முழுதாக எடுத்துக்கொள்ளும் ஒருவர் கிடைத்தால் விற்பவருக்கு நிம்மதி.

ஆனால் ராஸ்முசனுக்கு முன்பே துணிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களைச் சொல்லாமல் இந்தக் கதை நிற்காது.

கேபிள் டிவி 1940களின் கடைசியில் மலையூர்களின் தேவையில் பிறந்தது. பென்சில்வேனியா போன்ற இடங்களில் மலை மறைத்ததால் நகரத்து ஒளிபரப்பு பள்ளத்தாக்கை எட்டாது. மலை உச்சியில் ஆன்டெனா நட்டு, அங்கிருந்து வயர் இழுத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அந்த வயரின் வெட்டுமுகத்தைப் பார்த்திருப்பீர்கள்: நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக், அதன்மேல் உலோகப் பின்னல், வெளியே கறுப்புத் தோல். சிக்னல் கம்பிக்கும் பின்னலுக்கும் நடுவே அடைபட்டு ஓடுகிறது. பின்னல் வெளி இரைச்சலை உள்ளே விடாது. இருந்தாலும் போகப்போகச் சிக்னல் தளரும். வழியில் அங்கங்கே பெருக்கி வைத்துத் தூக்கிவிட வேண்டும்.

1972 நவம்பர் 8 இரவு, அதே பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரியில் எச்.பி.ஓ. என்ற சந்தா சேனல் தொடங்கியது. அன்று காட்டியவற்றில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் – வான்கூவர் கனக்ஸ் ஹாக்கி ஆட்டமும் உண்டு. சந்தாதாரர்கள் 365 பேர். நியூயார்க்கிலிருந்து மைக்ரோவேவ் கோபுரங்கள் வழியாகப் படம் போனது. மைக்ரோவேவ் நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. எனவே சில பத்து கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம் வேண்டும். தூரம் கூடக் கூடச் செலவும் கூடும். நாடு முழுக்கப் போவது நடக்காத காரியம்.

எச்.பி.ஓ.வின் ஜெரால்ட் லெவின் செயற்கைக்கோளுக்கு மாறினார். சாட்காம் 1 அப்போது ஏவப்படவில்லை, வேறொரு செயற்கைக்கோள்தான். முதல் சோதனைக்கு அவர் எடுத்தது முகமது அலி – ஜோ ஃப்ரேஷியர் குத்துச்சண்டை. மணிலாவில் 1975 அக்டோபர் 1 காலை. அமெரிக்காவில் அது செப்டம்பர் 30 இரவு. 14 சுற்று முடிந்து, கண் வீங்கிப் பார்வை மங்கிய ஃப்ரேஷியரைப் பயிற்சியாளர் எடி ஃபட்ச் 15ஆவது சுற்றுக்கு எழவிடாமல் உட்காரவைத்த அந்த நிமிடத்தை, ஃப்ளோரிடாவிலும் மிசிசிப்பியிலும் சில கேபிள் வீடுகள் அப்படியே பார்த்தன. ஃப்ளோரிடாவில் டிஷ் வாங்கி வைத்தவர் கேபிள் நிறுவனம் நடத்திய ராபர்ட் ரோசன்க்ரான்ஸ். அது 10 மீட்டர் குறுக்களவுள்ள ராட்சத டிஷ். பார்க்க ஒரே ஒரு சேனல், அதற்கு இத்தனை முதலீடு. என் கணக்கில் இந்த வரலாற்றின் பெரிய துணிச்சல் இதுதான்.

டிஷ் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? மேலேயுள்ள டிரான்ஸ்பாண்டரின் சக்தி சுமார் 5 வாட், ஓர் இரவு விளக்கின் அளவு. அது கண்டம் முழுக்கப் பரவி விழுகிறது. மழைநீர் சேமிக்க அகலமான பாத்திரம் வைப்பதுபோல, பரந்த பரப்பில் பிடித்து ஒரே புள்ளியில் குவிக்க வேண்டும். 1976 டிசம்பரில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 4.5 மீட்டர் டிஷ்ஷுக்கும் அனுமதி கொடுத்தது. பரப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும், இரைச்சல் குறைந்த பெருக்கிகள் ஈடுகட்டின. சின்ன ஊர் கேபிள்காரருக்கும் டிஷ் எட்டும் விலைக்கு வந்தது. கொட்டகை எழும்பிவிட்டது, இனிக் கூத்துக்கு ஆள் வேண்டும்.

1977 செப்டம்பரில் ரோசன்க்ரான்ஸின் துணையோடு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்து ஆட்டங்களைச் செயற்கைக்கோளில் ஏற்றியவர் கே கோப்லோவிட்ஸ். பின்னாளில் யு.எஸ்.ஏ. நெட்வொர்க் என்ற கேபிள் சேனல் ஆனது அதுதான். மாணவியாக லண்டன் போயிருந்தபோது அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் உரையைக் கேட்டு, செயற்கைக்கோளையே முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் அவர். நிலைத்து நிற்கும் செயற்கைக்கோள்களால் உலகத்தை இணைக்கலாம் என்று 1945-லேயே எழுதிய கிளார்க், அப்போது இலங்கையில் குடியேறியிருந்தார். ராஸ்முசனைச் சொல்பவர்கள் கோப்லோவிட்ஸை மறந்துவிடுவது எனக்கு வருத்தம்தான்.

ராஸ்முசனிடம் வாடகைக்கு வழி இருந்தது, நடத்தப் பணமில்லை. பல கதவுகளைத் தட்டிய பிறகு கெட்டி எண்ணெய் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் ஈவி கைகொடுத்தார். 1 கோடி டாலர். பதிலுக்கு 85 சதவீதப் பங்கு. பட்வைசர் பீர் தயாரிக்கும் ஆன்ஹைசர்-புஷ் 13.8 லட்சம் டாலருக்கு விளம்பரம் எடுத்தது. 1979 செப்டம்பர் 7 இரவு 7 மணிக்கு, கனெக்டிகட்டின் பிரிஸ்டல் ஊரில் கட்டட வேலை முடியாத நிலையிலேயே ஒளிபரப்பு ஆரம்பித்தது. முதல் ஆட்டம் பேஸ்பாலின் தம்பியான சாஃப்ட்பால். பெரிய ஆட்டங்களெல்லாம் பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தன. மற்றவர்கள் தொடாததை எடுத்தார்கள்: கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் சுற்றுகள், 1980-இல் அமெரிக்கக் கால்பந்து அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். பெயர் வாசிப்பதை யார் பார்ப்பார்கள் என்றார்கள். பார்த்தார்கள்.

விளம்பரம் மட்டும் அந்தச் செலவைத் தாங்கவில்லை. ஆரம்பத்தில் சேனலைச் சேர்த்துக்கொள்ளக் கேபிள்காரர்களுக்கு ஈ.எஸ்.பி.என்.தான் காசு கொடுத்தது. 1980களின் முதல் பாதியில் அதைத் திருப்பிப் போட்டு, வீட்டுக்கு மாதம் சில காசு என்று அவர்களிடம் வசூலிக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து, விளையாட்டுப் பக்கமே திரும்பாத வீட்டின் கேபிள் பில்லிலும் அந்தச் சில காசு சேர்ந்தது.