பிள்ளை இல்லை என்று சத்தியக்கடதாசி எழுதித் தரமாட்டேன்

மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்குப் பிள்ளைகளே இல்லை என்று சத்தியக்கடதாசி முடித்துத் தரச் சொல்லி ஒரு தாய் போன கிழமை வந்தார். வெளிநாட்டு வீட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் சப் ஏஜென்ட் சொல்லி அனுப்பினாராம். 'அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச புள்ள இருந்தா விடமாட்டாங்க சேர்' என்றார். மட்டக்களப்பில் சட்டத்தரணியாக இருக்கிற எவருக்கும் இது புதிதல்ல. எனக்குத்தான் பொறுமை போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

முதலில், அந்த ஐந்து வயது விதி இப்போது இல்லை. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டை மாற்றி, சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே வீட்டு வேலைக்குச் சவூதிக்கு அனுப்பினார்கள். 2013 ஜனவரியில் அங்கே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டில்தான் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறையும் வந்தது. அப்போதைய விதிப்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்குப் போக முடியாது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை யார் பார்ப்பது என்று காட்ட வேண்டும். 2022 ஜூனில் அமைச்சரவை அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. அதாவது என் முன்னால் இருந்த தாய்க்குப் பொய்யே தேவையில்லை. பிள்ளையை யார் பொறுப்பெடுப்பார் என்று ஒழுங்காகக் காட்டினால் போதும். இதை ஏஜென்ட் சொல்லவில்லை. ஏன் சொல்லப்போகிறார்? நேர்வழி இருக்கிறது என்று தெரிந்தால் அவரை யார் தேடுவார்?

அந்த விதியில் எனக்கும் கோபம் உண்டு. தகப்பன் கட்டாருக்குப் போனால் பிள்ளைக்கு யார் சோறு கொடுப்பது என்று ஒருவரும் அறிக்கை கேட்பதில்லை. தாயிடம் மட்டும் கேட்கிறார்கள். தடுத்தால் போகாமல் இருந்துவிடுவார்கள் என்று கொழும்பில் நினைத்தார்கள். நடந்தது வேறு. நேர்வழியில் போக முடியாதவர்கள் விசிட் விசாவில் போனார்கள்.

போகாமல் இருக்க முடியுமா என்ன? 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது. படுவான்கரையிலும் அம்பாறை வயல் வட்டைகளிலும் வெள்ளாமை விழுந்தது. நகையை அடகு வைத்து விதைத்தவர்கள் நுண்கடனுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு, 2022இல், நாட்டிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்காகப் பதிவு செய்து வெளியேறினார்கள். பதியாமல் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. 2019 டிசம்பரில் மணல் ஏற்றும் அனுமதிப்பத்திரத்தை நீக்கியபோது ஆற்றங்கரைகளில் டிப்பர் வரிசை நின்றது. கரை இடிந்தது, ட்ரைவர் வேலை கொஞ்சக் காலம் கிடைத்தது, அவ்வளவுதான். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மாடு மேய்க்க நிலம் நிச்சயமில்லை என்றால் வீட்டில் முதலில் பேசப்படுவது பாஸ்போர்ட்தான். இதையெல்லாம் பேச வேண்டிய கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தலே இல்லை.

சரி, அரசைத் திட்டியாகிவிட்டது. இனி உங்களை.

'விசிட்டில போய் அங்க மாத்தலாம்.' இந்த ஒரு வசனத்தைக் கேட்டால் எனக்குத் தலை வெடிக்கிறது. துபாய்க்கு விசிட் விசாவில் போய் வேலை எடுத்தவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அவர்கள் பெரும்பாலும் கையில் சான்றிதழ் வைத்திருக்கும் ஆண்கள். நேர்முகத்துக்குத் தாங்களாகவே போய் வருகிறவர்கள். வீட்டு வேலைக்கு என்று கூட்டிப்போகப்படும் பெண் அப்படி இல்லை. அவரை விமான நிலையத்திலேயே ஒருவர் பொறுப்பெடுப்பார், பாஸ்போர்ட்டை வாங்குவார், ஓர் அறையில் வைப்பார். பிறகு எந்த நாட்டுக்கு, எந்த வீட்டுக்கு, என்ன சம்பளத்துக்கு என்று தீர்மானிப்பது அந்தப் பெண் அல்ல. ஓமானுக்கு விசிட் விசாவில் கொண்டுபோகப்பட்ட பெண்கள் விலைபேசி விற்கப்பட்ட செய்தி 2022 நவம்பரில் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதைப் படித்த பிறகும், 'எங்கட ஏஜென்ட் அப்படி இல்ல சேர், சொந்தக்காரன்' என்கிறார்கள். சொந்தக்காரனாகவே இருக்கட்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்ப்பது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். மாமா மகனுக்கென்று அதில் தனிப் பிரிவு கிடையாது.

அடுத்தது முற்பணம். வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று இலட்சத்தை மேசையில் வைத்தால் அது உங்கள் நல்ல காலம் இல்லை. காசு கொடுத்தவர் அதைத் திருப்பி எடுக்கும் வழியோடுதான் கொடுக்கிறார். அங்கே அடி விழுந்து 'என்னை எடுத்துவிடுங்க' என்று மனைவி அழும்போது, வாங்கியதைப்போல் இரண்டு மடங்கைக் கட்டச் சொல்லுவார். அந்தக் காசில் கடனை அடைத்திருப்பீர்கள். கட்ட எங்கே போவீர்கள்? கணவன்மாரைக் கேட்கிறேன்: கையொப்பம் வைத்து எண்ணி வாங்கியது நீங்கள், அனுபவிப்பது அவர்.

பணியகத்தில் பதிந்தால் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும நின்றுவிடும் என்று ஒரு பயமும் ஊருக்குள் திரிகிறது. அந்தத் திட்டம் வீடு, சொத்து, படிப்பு, சுகநிலை, வருமானம் எல்லாம் பார்த்துப் புள்ளி போடுகிறது. பதியாமல் ஒளித்துப் போவதால் உங்கள் கூரை ஓலையாக மாறாது. கையைவிட்டுப் போவதோ காப்புறுதி, தூதரகத்தில் இருக்க வேண்டிய ஒப்பந்தம், முறைப்பாடு செய்யும் பிடிமானம்.

இனிச் செய்ய வேண்டியவை. உங்கள் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். காசு கைமாறும் முன் அவரிடம் போய் இன்றைய நிபந்தனை என்ன என்று கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. ஏஜென்சியின் அனுமதி இலக்கம் நடப்பில் உள்ளதா என்று பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றையும் போனில் படம் எடுத்து வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். விசாவில் 'விசிட்' அல்லது 'டூரிஸ்ட்' என்று இருந்தால் பயணத்தை நிறுத்துங்கள், டிக்கெட் காசு போனால் போகட்டும்.

குடும்பப் பின்னணி அறிக்கையை மறுத்தால் விதானையாரோடு (கிராம உத்தியோகத்தரோடு) சண்டைக்குப் போகாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒரு கடிதம், ஒரு பாதுகாவலரின் ஒப்பம் என்று ஏதாவது குறையாகத்தான் இருக்கும். பொய்ச் சத்தியக்கடதாசி முடித்தாலோ, பிறகு வழக்கு என்று வரும்போது முதலில் உங்களைத்தான் குறுக்கு விசாரணை செய்வார்கள்.

ஏற்கனவே போனவர்களின் வீட்டாருக்கு ஒன்று. 'காசைக் கட்டினால் அனுப்புகிறோம்' என்று வரும் குரல் பதிவுகளைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். எத்தனை பேர் அழித்துவிட்டு வந்து நிற்கிறீர்கள்! அவற்றை வேறொரு போனிலும் சேமித்து வையுங்கள், பணியகத்திலும் பொலிஸிலும் முறைப்பாட்டைப் பதியுங்கள், இலக்கத்தை எழுதி வாங்குங்கள். ஏஜென்டோடு பேசுவதெல்லாம் அப்புறம்.