ரியாக்‌ஷன் என்றால் ஒவ்வாமை இல்லை

கடலூரில் கைக்கு வந்த ஒரு தொழுநோய்த் துண்டறிக்கையிலும் 'லெப்ரா ரியாக்‌ஷன்' என்பதை 'மருந்து ஒவ்வாமை' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். இதை எத்தனை முறை பார்ப்பது!

ஒவ்வு என்றால் பொருந்து, ஒவ்வாமை, பொருந்தாமை. 'அலர்ஜி'க்கு அருமையான சொல். ரியாக்‌ஷன் லத்தீன் வழி வந்தது, திரும்பச் செயல்படுவது. தமிழில் எதிர்வினை. இவ்வளவுதான் சொல்லின் கதை.

சிக்கல் பொருளில் இருக்கிறது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் சேர்ந்த கூட்டு மருந்து கிருமியைக் கொன்றுவிடும். செத்த கிருமியின் எச்சம் தோலிலும் நரம்பிலும் தங்கும். அதன்மேல் நம் உடம்பின் எதிர்ப்பாற்றல் பாய்வதுதான் ரியாக்‌ஷன். பழைய தேமல் சிவந்து தடிக்கும், முழங்கை நரம்பு வீங்கி வலிக்கும், சுண்டுவிரல் மடங்கத் தொடங்கும். மருந்துக் காலம் முடிந்த பிறகும் இது வரலாம். சாப்பிடாத மாத்திரை எப்படி ஒவ்வாமல் போகும்?

'ஒவ்வாமை' என்று படிக்கிறவர் என்ன செய்வார்? "மாத்திரை ஒத்துக்கல" என்று அட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார். செய்ய வேண்டியதோ நேர் எதிர்: கூட்டு மருந்தை விடாமல், மருத்துவர் சொல்லும் பிரெட்னிசோலோன் என்ற வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையையும் உடனே தொடங்க வேண்டும். தாமதித்தால் கை கோணிப்போகும்.

உண்மையான ஒவ்வாமையும் இந்தச் சிகிச்சையில் உண்டு. டாப்சோன் சிலருக்கு முதல் சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, காமாலை என்று கிளப்பும். அப்போது டாப்சோனை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒன்றில் தொடர், மற்றதில் நிறுத்து. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவதைப் பொறுப்பில்லாத வேலை என்றுதான் சொல்வேன்.

'நோய்ச் சீற்றம்' என்று சொல்லலாமே என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நோய் முற்றிவிட்டது, மருந்து தோற்றுவிட்டது என்று படிக்கிறவர் பயப்படுவார். 'பக்கவிளைவு' அதைவிட மோசம். குளோஃபசிமினால் தோல் கறுப்பதும், ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவப்பதும்தான் பக்கவிளைவு.

'எதிர்வினை' பத்திரிகைத் தமிழில் அரசியல்வாதிகளின் பதிலுக்குப் போய்விட்டது, சரி. 'தொழுநோய் எதிர்வினை' என்று முழுசாக எழுதினால் குழப்பமில்லை. அதுவும் வேண்டாமென்றால் மக்கள் வாயில் புழங்கும் 'ரியாக்‌ஷன்' என்றே விடலாம். தனித்தமிழில் எனக்குப் பற்று உண்டுதான். ஆனாலும் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர், அச்சுக்குப் போகுமுன் ஒரு தொழுநோய் மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டாமா?